தும்பு

அயர்லாந்துக் கதையில்
மாடு ஓட்டிப்போக வந்த படையை
ஆற்றுத்துறையில் ஒற்றையாய் மறித்தவன்,
பின்னொரு நாள் குடல் சரிந்து,
நின்றபடியே சாகவேண்டுமென்று
நெட்டைக்கல் ஒன்றோடு
தன்னைக் கட்டிக்கொள்கிறான்.

எதனால்?
கச்சை என்று எழுதினேன், அடித்தேன்.
வார். அரைஞாண். பெல்ட்.
எதுவும் அவன் எடையைத் தாங்கவில்லை.

அரூர் பஸ்ஸில் போய்
பாப்பிரெட்டிப்பட்டி தாண்டி இறங்கினேன்.
குச்சிக்கிழங்குக் காட்டில் ஒரு நடுகல்.
வில் தேய்ந்து, முகம் தேய்ந்து,
காலடிப் பசுக்கள் மட்டும் இன்னும் கூர்மை.
எழுத்தை மழை தின்றிருந்தது.
இவன் செத்துக் கல்லானவன்;
அவன் சாகக் கல்லைத் தேடிப் போனவன்.

கல்லில் ஒரு ஜெர்சிக் கிடாரி கட்டியிருந்தது.
"வேப்பங்கன்னுன்னா புடுங்கிக்கிட்டுப் போயிருதுங்க,
இது அசையாது" என்றாள்
காட்டுக்காரி முனிலட்சுமி.
கிடாரி இழுத்தது. கயிறு விறைத்தது.
வீரன் இடுப்பில்
கயிறு அறுத்த பள்ளம், விரல் ஆழம்.

தும்பை விட்டு வாலைப் பிடித்திருக்கிறேன்
இத்தனை நாளும்.

திரும்பும் பஸ்ஸில், மடியில் தாள் வைத்து:
'தும்பால் தன்னைக் கட்டிக்கொண்டான்.
தோளில் காக்கை உட்காரும்வரை
ஒருவரும் கிட்டப் போகவில்லை.'

முனிலட்சுமி போயிருப்பாள்,
பொழுது சாய,
அவிழ்க்க.