ஸ்டெப்னி என்று சேமித்த எண்

புளியரையில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள்.
தார்ப்பாயை விலக்கி
எம்-சாண்டைக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள்.
எடைச்சீட்டு, நடைச்சீட்டு, புகைச்சீட்டு.
முன்னால் நின்ற கோழி வண்டிக்குச்
சக்கரம் நனைய மருந்தடித்தார்கள்.
சரி, போ என்றார்கள்.
நான் கொண்டுபோனதை யாரும் கேட்கவில்லை.

போன மாதம் தென்காசியில்
ஒரு குப்பி மூத்திரம் வாங்கினார்கள்.
ஒன்றுமில்லை என்று தாள் வந்தது.
தாள் பொய் சொல்லவில்லை.
கிணற்றில் விழுந்ததை
வாய்க்காலில் தேடினால் கிடைக்குமா.
இடத்தை நானும் சொல்லவில்லை.
பெண்டாட்டி உண்டா என்று கேட்டவர்
உண்டு என்றதும் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

வலி இல்லை. அதுதான் சங்கடம்.
வலித்திருந்தால்
ஸ்டியரிங்கில் பதினான்கு மணிநேரம், மூலம்
என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.
ஒரே ஒருநாள் ஜட்டியில் சளிபோல் ஒரு கறை.
ஆரியங்காவு ஓடையில் அலசி
ஈரத்தோடே போட்டுக்கொண்டு வந்தேன்.

புனலூர் ஆஸ்பத்திரியில்
அந்த அறைக்குப் புலரி என்று பெயர்.
விடியல் என்று அர்த்தமாம்.
மத்தியானம் இரண்டரைக்குத்தான் திறந்தார்கள்.
ப்ரசீதா என்கிற கவுன்சிலர்
வாய், முன், பின், எதெல்லாம் என்று
டயர் அளவு கேட்பதுபோல் கேட்டார்.
நாற்பத்தோரு வயதில்
முதல் தடவை உள்ளதைச் சொன்னேன்.
மலத்துவாரம் என்று பாரத்தில் எழுதிக்கொண்டு
அதை வாய்விட்டும் சொன்னார்.
மல என்றால் அங்கே மலை.
மலைக்கு ஒரு வாசல்,
தினமும் லோடோடு ஒரு தடவை
காலியாக ஒரு தடவை நான் கடப்பது.
எங்கள் பக்கம் ஆசனவாய் என்போம்.
வாய் என்று பெயர் வைத்துவிட்டு
ஒரு வார்த்தை பேச விட்டதில்லை.

கக்கூஸ் கதவில் படம் ஒட்டியிருந்தது.
எழுத்து தெரியாது, படம் போதும்.
பஞ்சுக்குச்சி. ஓர் அங்குலம். மெல்ல ஒரு சுற்று.
குழாய்க்குள் விட்டு ஒடி. மூடு.
"மூச்சு விடணும் சேட்டா," வெளியிலிருந்து ப்ரசீதா.
பிடித்துவைத்திருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

ஐந்தாம் நாள் தென்மலை வளைவில் போன்.
கிளமிடியா.
யாரோ பெண்பிள்ளையின் பெயர் மாதிரி இருந்தது.
ஏழு நாள், காலையில் ஒன்று ராத்திரி ஒன்று,
நிறையத் தண்ணீர், விழுங்கினதும் படுக்கக் கூடாது,
முடியும்வரை யாரோடும் வேண்டாம்.
அப்புறம் கொஞ்சம் நிறுத்தி,
கூட இருந்தவர்களுக்குச் சொல்ல முடியுமா?

என் போனில் அவர்கள்
ரேடியேட்டர் கொட்டாரக்கரை,
பஞ்சர் ராத்திரி,
ஸ்டெப்னி.
ரேடியேட்டர் கெட்டவார்த்தை சொல்லி வைத்துவிட்டான்.
பத்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டு
எந்த ஆஸ்பத்திரி என்றான்.
பஞ்சர் தற்போது உபயோகத்தில் இல்லை.
ஸ்டெப்னி பேசவே இல்லை,
பின்னால் மழை பெய்வது மட்டும் கேட்டது.
மூன்று வருடம். அவன் ஸ்டெப்னி இல்லை
என்பது எனக்கும் தெரியும், மழைக்கும் தெரியும்.
கடைசியில், "உனக்கு இப்ப எப்படி இருக்கு" என்றான்.

வீட்டில் இருப்பவருக்கும் சொல்லணும், என்றிருந்தார் ப்ரசீதா.
ஆவுடைத்தங்கம்.
சொந்தப் பெயரில் இருக்கிற ஒரே எண்.
விரல் அதன்மேல் நிற்கும்போது
புளியரையில் கையைக் காட்டி நிறுத்துகிறார்கள்.
திரும்புகிற வண்டி, காலி சார் என்கிறேன்.
டார்ச்சோடு ஏறுகிறார் ஒருவர்.