ஒரு மணி நேரம் காபி இல்லை

விடியற்காலை ஐந்தேகால்.
மார்லிஸ் மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்குகிறாள்.
இனி ஆறேகால் வரை
காபி மெஷினுக்கும் அவளுக்கும் பேச்சில்லை.
நானும் குடிப்பதில்லை, நாலு வருஷமாக.
கேட்டால்
கொட்டகையில் வேலை கிடக்கிறது என்பேன்.

வாட்டர்லூ ஆஸ்பத்திரியில்தான் அறுத்தெடுத்தார்கள்.
பிறகு அயோடின்.
கதிர் வீசும் உடம்போடு
முற்றத்து கேம்பர் வண்டியில் ஆறு ராத்திரி படுத்தாள்.
படிக்கட்டில் தட்டை வைத்துவிட்டு விலகி நிற்பேன்.
முப்பதடி தூரத்திலிருந்து போனில் பேசினோம்,
சோளத்தின் விலையைப் பற்றி.
அவள் ஜன்னலில் நின்று தலையாட்டுவது தெரிந்தது.

அப்புறம் மாத்திரை.
மஞ்சள், ரோஸ், பழுப்பு:
அளவு ஏற ஏற நிறம் மாறும்.
"பெயின்ட் கடையையே விழுங்குகிறேன் டெல்வின்."
ஜூலை வெயிலில் ஸ்வெட்டர்.
குளியலறைக் குழாய் அடைத்துக்கொண்டால்
திறந்து பார்க்காமலே தெரியும், முடி.
தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்தவள்
பாதியில் வரியை மறந்து
புத்தகத்தையே பார்த்து நின்றாள்.
ரிப்போர்ட் நலம்.
மார்லிஸ் நலமில்லை.

ஆர்லெட் டைட்ஸ்மன்தான் சொன்னாளாம்,
இயற்கை மாத்திரை ஒன்று உண்டென்று.
சிரித்துக்கொண்டே வீடு வந்தாள்:
"பன்றியாம், டெல்வின்!
பன்றித் தொண்டையை உலர்த்தி, பொடித்து..."
எங்களிடம் இருந்தது இரண்டாயிரத்து நானூறு பன்றி.
நானும் சிரித்தேன்.
தொடை தெரியும், விலா தெரியும்,
கொழுப்பின் கனத்தை விரலால் சொல்வேன்.
தொண்டையில் இப்படி ஒன்று இருப்பது
முப்பத்தொரு வருஷமாகத் தெரியாது.

புட்டியைத் திறந்தால் லேசான வாடை.
"நவம்பர் மாதத்து நம் கொட்டகை," என்றாள்.

இயற்கை என்கிறார்கள், செயற்கை என்கிறார்கள்.
இரண்டு சொல்லின் முடிவிலும்
ஒரு கை நீண்டிருக்கிறது.
யாருடையது என்றுதான் தெரியவில்லை.
சிமென்ட் தரை, ராட்சத மின்விசிறி,
லாரியில் வரும் தீனி, காதில் நம்பர்,
பிறந்ததிலிருந்து மண்ணை முகராத மூக்கு.
அதன் தொண்டைதான்
புட்டிக்குள் இயற்கை.

ஆறு வாரம் நன்றாகத்தான் இருந்தாள்.
ஸ்வெட்டர் பெட்டிக்குள் போனது.
கேம்பரைக் கழுவி, விளம்பரம் கொடுத்து, விற்றுவிட்டாள்.
ஏழாவது வாரம் ஒரு காலை
சமையல் மேடையைப் பிடித்தபடி நின்றாள்.
கையுறையைக் கழற்ற மறந்து
அவள் மார்பில் கை வைத்தேன்.
லாரிக்குள் முதன்முறை ஏறிய குட்டி
பலகையை உதைப்பதுபோல்.

டாக்டர் வெங்கர் திட்டவில்லை.
காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பினாள்.
"இந்த எண் படுத்தே கிடக்க வேண்டும்.
எழுந்து நிற்கிறது.
எங்காவது ஒரு செல் மிஞ்சியிருந்தால்
அதையும் எழுப்பிவிடும்."

"நானும்தான் எழுந்தேன்," என்றாள் மார்லிஸ்.

டாக்டர் பேனாவை மூடினாள், திறந்தாள்.
பிறகு பழுப்பு மாத்திரையையே எழுதி,
கூடவே மிளகில் பாதி அளவில் இன்னொன்று,
அதுவும் தொழிற்சாலையில் செய்ததுதான்.
"பார்ப்போம்," என்றாள்.
அந்த ஒரு சொல்லை மார்லிஸ் பொறுத்துக்கொண்டாள்.
நான்தான் கார் வரை முணுமுணுத்தேன்.

மிச்சம் பதினேழு மாத்திரை
கொட்டகை ஃப்ரிட்ஜில்
பன்றிகளின் தடுப்பூசிக்குப் பக்கத்தில் இருக்கிறது.
எறியச் சொல்லவில்லை அவள்.
நானும் கேட்கவில்லை.

இன்று செவ்வாய். லாரி வந்தது.
கடைசிப் பன்றி ஏற மறுத்தது.
கழுத்தின் கீழ் கை கொடுத்தேன்.
சூடு.
கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்துவிட்டேன் போல,
டிரைவர் ஹார்ன் அடித்தான்.
தள்ளிவிட்டேன்.

வீட்டுக்குள் வந்தால்
கடிகாரத்தின் எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.
"இன்றைக்கு எப்படி?"
"முக்கால்," என்கிறாள். நேற்று பாதி.
இரண்டு கோப்பை எடுக்கிறேன்.
ஆறு பதினாலு.
"இன்னும் ஒரு நிமிஷம்," என்கிறாள்,
கண்டிப்பாக.