குழாய்த் தண்ணீர்

நோவோசிபிர்ஸ்க்கில் மைனஸ் முப்பத்தொன்று.
வடிநீர்க் கலம் விரிசல் விட்ட அந்த ராத்திரி
ஜியோலைட்டை நான்தான் கழுவினேன்,
குழாய்த் தண்ணீரில்.
யெர்மலாயிடம் சொல்லவில்லை.

பார்த்தால் பல்பொடி.
உள்ளே தெருவுக்குள் தெரு,
ஒரு பென்சீன் ஒருக்களித்து நுழையும் அகலம்.
வரிசை வரிசையாய்ச் சிலிக்கன் வீடுகள்;
நடுநடுவே ஓர் அலுமினியம்,
எப்போதும் ஒரு மின்னூட்டம் கடனோடு.
அந்தக் கடனுக்கு ஜாமீன் நிற்பது ஒரு புரோட்டான்.
அதுவோ ஓட்டைக்கை,
எவன் வந்து கேட்டாலும் தாவிவிடும்.
அந்தத் தாவலுக்குத்தான் அமிலம் என்று பெயர்.

ஓப் நதியின் கால்சியத்துக்கு
இதெல்லாம் எங்கே தெரியும்?
வந்தது,
இரண்டு கடனை ஒரே கையெழுத்தில் தீர்த்தது,
சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது.

காலையில் பிரிடின் செலுத்தினோம்.
அழுகிய மீன் நாற்றம், கம்பளிச் சட்டைவரை.
அகச்சிவப்புத் தாளில்
ஆயிரத்து ஐந்நூற்று நாற்பத்தைந்தில்
மலை நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கரப்புமேடு.

"துத்தநாகம் ஏற்றினோமே, அதனால் இருக்கும்"
என்றார் யெர்மலாய்.
நான் தலையாட்டினேன்.

துத்தநாகமும் புரோட்டானைக் கிளப்பிவிடும், உண்மைதான்.
ஆனால் கிளப்பிவிட்டுக் கை நீட்டும்.
கொடுக்கும் அமிலம் போன இடத்தில்
வாங்கும் அமிலம்;
ஆயிரத்து நானூற்று ஐம்பத்தைந்தில்
வேறொரு மலை எழும்பியே தீரும்.
லாந்தனம் இன்னொரு ரகம்,
பக்கத்துத் தண்ணீரைப் பிழிந்து
புதுப் புரோட்டானை உதறிப் போடும்.
சோடியம் வந்தால் வீடு பூட்டியதுபோல.

எங்கள் தாளில் முதல் மலை பாதிக்குமேல் சரிந்திருந்தது.
இரண்டாவது எழுந்தது, அரைமனதாக.
அதன் தோளில்
ஆயிரத்து நானூற்று நாற்பத்தாறில்
யாரும் கேட்காத ஒரு கொப்புளம்.

யெர்மலாய் அதன்மேல் நகத்தை வைத்தார்.
எடுக்கவில்லை.
ஹீட்டர் இரண்டுமுறை சொடுக்கியது.

"இதையும் உலையில் போடுவோம்."

நல்ல மாதிரி நாலு மணிக்குள் கரி பிடித்துக் கறுக்கும்.
இதுவோ வேலையில் பாதிக்கும் கீழே,
ஆனால் பதினோரு மணி நேரம் ஓடியும்
சாம்பல் நிறம்கூடத் தட்டவில்லை.
அளவாகக் கொடுப்பவனுக்கு ஆயுள் அதிகமோ என்னவோ.
அதைச் சொல்லித் தப்பிக்கத்தான் நினைத்தேன்.

பதிவேட்டில் அவர் எழுதினார்:
'கால்சியம், உண்டு. எங்கிருந்து'
முற்றுப்புள்ளி வைக்காமல்
பேனாவை என் பக்கம் உருட்டினார்.

ஜன்னலில் பனி, உள்பக்கமாக.
எழுதினேன்:
குழாய்.
கீழே என் பெயர், செசெக்மா.