நிகர எடை

ராயக்கோட்டை சாலை எடைமேடையில்
திம்மராயனுக்கு இரவு வேலை.
மாங்காய் லாரி ஏறும்போது ஓர் எண்,
இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஓர் எண்.
கழித்தால் சரக்கு.
டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தால்
கதவைத் தட்டுவார்:
"நீ மாங்காய் இல்லப்பா, எறங்கு."

பகலில் அவர் 'எடைக்கல்' ஆசிரியர்.
மூன்று மாதத்துக்கு ஒன்று, வந்தால்.
சந்தா கட்டியவர்கள் நூற்று நாற்பத்து மூன்று பேர்,
அதில் பாதி அவரிடம் அடிவாங்கிய கவிஞர்கள்.
அடுத்து யாருக்கு விழுகிறதென்று பார்க்க
மணியார்டர் அனுப்பிக்கொண்டே இருந்தோம்.

என் முதல் தொகுப்புக்கு நான்கு வரி தந்தார்:
"கவிஞர் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் நிலாவைக் கண்டிருக்கிறார்.
நிலாவுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கவில்லை.
சோடியம் விளக்காக இருக்கலாம்.
விலை முப்பது ரூபாய்."

நான் ஒன்பது பக்கம் பதில் எழுதினேன்.
ஒரு வசவைக்கூட வெட்டாமல் போட்டார்,
ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்தி.
அந்தத் திருத்தம்தான் பல நாள் எரிந்தது.

குவாரி முதலாளி ஒருவர்
தன் வெண்பாக்களையும் பின்னட்டை விளம்பரத்தையும்
ஒரே கவரில் அனுப்பினார்.
பின்னட்டையில் கிரானைட் பளபளத்தது.
பன்னிரண்டாம் பக்கத்தில்
வெண்பாக்களுக்குத் தளை தட்டியது.
பணம் வரவில்லை.
அடுத்த இதழ் பதினாறே பக்கம்.
மனைவியின் வளையல் ஒன்று
அடகுக்கடையிலிருந்து திரும்பவில்லை என்பதை
யாரும் எங்கேயும் எழுதவில்லை.

சீசன் முடிந்த ஆடியில்
மேடைமேல் நின்ற லாரிக்குச் சீட்டு எழுதும்போதே
தலை சாய்ந்துவிட்டது.

மகள் நாகவேணி போன் செய்தாள்:
"உங்க புஸ்தகம் ஒண்ணு இருக்கு.
வந்து எடுத்துக்கிறீங்களா,
இல்ல எடைக்குப் போட்டுடட்டுமா?"

காவேரிப்பட்டணம் போனேன்.
நூலுக்குள் ஓர் எடைச்சீட்டு,
கட்டங்களில் பென்சில் எழுத்து.
மொத்தம் 96.
வண்டி 93.
நிகரம் 3.
ஓரத்தில் பக்க எண்கள்: 17, 40, 71.

பதினேழில் அம்மாவின் ரேஷன் அட்டை.
நாற்பதில் தொப்பூர் கணவாயில் கவிழ்ந்த லாரி,
தக்காளி பொறுக்கும் போலீஸ்காரர்.
எழுபத்தொன்று
அச்சகம் தவறவிட்டு
வெறும் வெள்ளையாக வந்த பக்கம்.

நின்றபடியே திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
"அப்பா கணக்குல தப்பு விடுவாரா?" என்றேன்.
நாகவேணி பழைய இதழ்களைச் சணலால் கட்டிக்கொண்டிருந்தாள்.
"ஒரு கிலோகூட விட்டதில்ல."