எடைப் பாலம்

பிறையில் பதினேழு வருஷமாக லாரி நிறுக்கிறேன்.
செம்பனைக் குலை, ஆற்று மணல், பழைய இரும்பு.
வரும்போது ஒரு எண், போகும்போது ஒரு எண்,
கழித்தால் சரக்கு.

கிளினிக் தராசு என்னை ஏற்றிக்கொண்டு
'எரர்' என்று எழுதிக் காட்டியது.
தாதி நோர்ஹயாத்தி சிரிக்கவில்லை. அதற்கு நன்றி.
அன்று சாயங்காலம் என் பாலத்திலேயே ஏறி நின்றேன்:
நூற்றி நாற்பது.

முதல் டாக்டர் சொன்னார்,
"முப்பது கிலோ குறைத்துவிட்டு வா."
வால்வு இறுகிக் கிடக்கிறது.
எடையறைக்கு ஏழு படி, நாலாவதில் உட்கார்ந்துவிடுவேன்.
மூச்சிருந்தால் நடக்கமாட்டேனா,
நடந்தால் இளைக்கமாட்டேனா
என்று கேட்க வாயெடுத்தேன்.
கேட்பதற்கும் மூச்சு வேண்டுமே.

பாலம் தாண்டித் தீவில் டாக்டர் ஊய்.
ஒல்லிப்பிச்சான். டுரியான் வாங்குகிறவர்போல
என் நெஞ்சைத் தட்டித் தட்டிக் கேட்டார்.
"நடு எலும்பைப் பிளந்தால்
இந்தப் பாரத்துக்குக் கம்பி நிற்பது கஷ்டம், புண்ணும் லேசில் ஆறாது.
வலப்பக்க விலா இடுக்கில் மூன்று விரல் அகலம் போதும்.
ஆனால் உங்கள் இருதயம் கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது.
நீளமான கருவி வேண்டும்."

தூரம்.
இத்தனை வருஷம் இந்த உடம்பை
எல்லாரும் குற்றம் என்றுதான் சொன்னார்கள்.

"மூன்று விரல் என்றால் யார் விரல்?"
என்றாள் தவமலர்.
ராத்திரி முழுக்கத் தன் விரலை வைத்து வைத்துப் பார்த்தாள்.

மேசைக்கு இரண்டு பக்கமும் பலகை சேர்த்தார்கள்.
எட்டுப் பேர். சாத்து, டுவா, தீகா.
மாஃப் என்றேன், யாரிடம் என்று தெரியாமல்.
முகமூடிக்கு மேலே இருந்த கண்களில் ஒன்றாவது
சலித்துக்கொண்டிருக்கும் என்று தேடினேன்.
அதற்குள் தூக்கம் வந்துவிட்டது.

மூன்றாம் மாதம் வேலைக்குப் போனேன்.
லாரி இல்லாத நேரம் பார்த்து
மறுபடி பாலத்தில் ஏறினேன்.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
நூற்றி நாற்பது.
இளைத்த ஏழு கிலோ அதற்குத் தெரியவில்லை,
உள்ளே தைத்த வால்வும் தெரியவில்லை.

மணல் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
இறங்கி,
ஏழு படியும் ஏறிப் போய்
அவன் எண்ணை எழுதினேன்.