பெயருக்கு இவ்வளவு

ஊத்தான் மெலிந்தாங் சந்தை தாண்டி
செம்பனை லாரிகள் திரும்பும் வளைவில்
எங்கள் ஆய்வுக்கூடம்.
முன்பு ஒட்டுப்பால் கொட்டகை.
மழை பெய்தால் சுவர் இன்னும் நாறும்.

ஆற்றுமுகத்துச் சிப்பி வரும், அரைப்போம்,
தின்னலாம், தின்னக்கூடாது என்று எழுதுவோம்.
ஒப்பிட்டுப் பார்க்கக் கொஞ்சம் நஞ்சு வேண்டும்.
கொஞ்சநஞ்சம் என்பதெல்லாம் வீட்டுப் பேச்சு,
சட்டத்துக்கு எண் வேண்டும்:
ஒருவர் பெயருக்கு நூறு மில்லிகிராம்.
அதற்குள் என்றால் ஒரு பூட்டு, ஒரு பேரேடு, நான்.
மிஞ்சினால்
கைரேகை, காமிரா, புத்ராஜெயா.

டாக்டர் சியூ பெயரில் அறுபத்தொன்று.
டாக்டர் நோர்லைலா பெயரில் ஐம்பத்திரண்டு.
ஒரே குளிர்பெட்டி, ஒரே தட்டு,
நடுவே நான் ஒட்டிய மஞ்சள் நாடா.
பதினோரு வருஷம் அந்த நாடாதான்
எங்களைச் சட்டத்துக்குள் வைத்திருந்தது.

போன மாதம் சியூ ஓய்வு பெற்றார்.
ஈப்போவில் மகள் வீடு.
மேசையில் பாதி தின்ற பிஸ்கட் டின்.
நஞ்சுக்கு ஓய்வு கிடையாது,
அதற்கு எப்போதும் யார் பெயராவது வேண்டும்.
நோர்லைலா கையெழுத்துப் போட்ட நிமிடம்
நூற்றுப் பதின்மூன்று.
ஒரு துகள் நகரவில்லை,
பெட்டி திறக்கவில்லை,
குற்றமாகிவிட்டது.

"பதிமூணு மில்லிகிராமா?
உப்பு அதைவிட ஒட்டுமே விரல்ல"
என்றான் வீட்டில் இளங்கீரன்.
தோட்டத்தில் மருந்து அடிக்கிறவன்.
ஸ்டோரில் தோம்பு தோம்பாய் நிற்கிறது.
கிராணி எண்ணுவது தோம்பை;
இவன் நகக்கண்ணில் போனதை
எந்தப் பேரேட்டிலும் யாரும் ஏற்றவில்லை.
நான் பதில் சொல்லாமல்
ரசத்துக்கு உப்பை அள்ளினேன்.
கையளவு, முதல் தடவையாக,
பயமாயிருந்தது.

வெள்ளிக்கிழமை. இரட்டைக் கையுறை, இரண்டு சாட்சி.
எல்லையில் நிற்க வேண்டாம், எண்பது போதும்
என்றார் நோர்லைலா.
முப்பத்துமூன்றைக் கொன்றோம்.
'செயலிழக்கச் செய்யப்பட்டது' என்று எழுதினேன்.
சியூ பெயருக்கு நேரே பூஜ்யம்.
அந்த மனிதருக்கா என்று ஒரு கணம்
பேனா நின்றது.

நாடாவை உரித்தேன்.
அடியில் மட்டும் தட்டு
புதிதாய், வெள்ளையாய், ஒரு கோடு.

மிச்சத்தை நிறுக்க வைத்தபோது
வளைவில் லாரி திரும்பிற்று, நிறையக் குலைகள்.
தராசின் கடைசி இலக்கம்
நடுங்கி நடுங்கி
ஒன்றிலும் நிற்காமல்.
போகட்டும் லாரி என்று காத்திருந்தோம்,
மூன்று பேரும், மூச்சைப் பிடித்தபடி.