முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

எடைமேடையில் எனக்கு இரவு வேலை.
செம்பனைக் குலை லாரிகள் வராத நேரத்தில்
அந்த நாவலைப் படித்தேன்.
பீடோரில் அப்போது எல்லார் கையிலும் அதுதான்:
கிளினிக் தாதி, வங்கிக் காவலாளி,
முட்டைக்கடைச் சீனன் மகள்கூட, மலாய் பெயர்ப்பில்.

முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
கதவு திறக்கிறது.
அவள் "நீயா?" என்கிறாள்.
அதற்கப்புறம் அட்டை.
ரூல் வைத்துக் கிழித்ததுபோல் நேரான ஓரம்.

கொடுக்கும்போது முழுசாகத்தான் இருந்தது என்று
சூடம் அணைத்தாள் அமிர்தகௌரி.
நான் நம்பவில்லை.
ஒன்பது வருசமாகிறது பேச்சு நின்று.
யார் கொன்றது என்று
வேறு யாரையாவது கேட்டிருக்கலாம்.
கேட்டுத் தெரிந்துகொள்வதும் படிப்பதும் ஒன்றா?

இப்போது படமாக வந்திருக்கிறது.
குணாளன்தான் டிக்கெட் எடுத்தார்,
கச்சாங் பூத்தே ஒரு பொட்டலமும்.
நாலு நம்பர் முடிவைத் தவிர
அச்சடித்த எதையும் படிக்காத மனுசன்.

திரையில் அந்தப் பெண்
வைத்த இடத்தில் சாவியைக் காணாமல் தேடுகிறாள்.
அடுப்பை அணைத்தேனா என்று
பாதித் தெருவிலிருந்து திரும்பி ஓடுகிறாள்.
புருசன் அன்பாகச் சிரிக்கிறான்:
உனக்கு மறதி கூடிப்போச்சு.
தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது.
வசனம் பாதி கேட்கவில்லை.
கீழே ஓடிய மலாய் எழுத்தைத் துரத்திக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது.
"நீயா?"
வாசலில் டாக்டர்.

குணாளன் கடலையை மென்றபடி
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்,
"மாத்திட்டானுங்க.
புக்குல அவ தங்கச்சிதான்."

அதற்குப்பின் படத்தில் என்ன நடந்ததோ.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்:
ஒற்றைத் தோடு.
போனஸ் கடிதம்.
சுங்கை வேயிலிருந்து அண்ணன் எழுதியதாகச் சொன்ன,
எனக்கு வரவே வராத இரண்டு தபால்.
அணைத்த பிறகும் எரிந்த அடுப்பு.
போன மாதம் கிளினிக்கில்
என் பெயருக்கு நேரே 'ஞாபகமறதி' என்று எழுதி
மஞ்சள் மாத்திரை கொடுத்தார்கள்.
கூட்டிப்போனது அவர்தான்.
வாசல்வரை கைபிடித்து.

மழை விட்டிருந்தது.
மில் புகை ஈரத்தில் தாழ்ந்து
சாலையோடு படுத்துக் கிடந்தது.
மோட்டாரைக் கிளப்பி, ஹெல்மெட்டை நீட்டி,
"சாவி எடுத்தியா?" என்றார்.

பைக்குள் விரலை விட்டேன்.
சில்லென்று இருந்தது, பல்லும் வளையமுமாய்.
கைக்குள் இறுக்கிக்கொண்டேன்.

"மறந்துட்டேங்க" என்றேன்.